காலி முற்றங்களும் கூட்டுப் படங்களும்

தமிழ்நாட்டைப் பெரிய அளவில் முதலில் புகைப்படம் எடுத்தவர் ஒரு ராணுவ அதிகாரி. புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு, உடனே ஒளி, நிழல், கோணம் என்று பேசப் போய்விடுகிறார்கள். அந்தப் படங்களின் அழகைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் எடுத்தவர் ராணுவ அதிகாரி என்பது படத்துக்கு வெளியே கிடக்கும் விஷயமல்ல. படம் எதை விட்டுவிட்டது என்பதைத் தீர்மானித்ததே அதுதான் என்பது என் கட்சி.

லின்னேயஸ் ட்ரைப் 1822இல் இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற கப்பற்படைத் துறைமுகத்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில், 12ஆம் சுதேசிக் காலாட்படையில் அதிகாரி. விடுப்பில் ஊருக்குப் போயிருந்த 1850களின் தொடக்கத்தில் புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேளூர் கோயில்களை எடுத்தார். அடுத்த வருஷம் பர்மாவில் ஆவா அரசரின் தலைநகரான அமரபுரத்துக்குப் போன ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு கேமிராவையும் கொண்டு போனார். 1852இல் போரிட்டுப் பறித்துக்கொண்ட கீழ் பர்மாவுக்காக மூன்று வருஷம் கழித்து மரியாதை சொல்லப் போன குழு அது. 1856இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று அலைந்து, 1858 கோடையின் தொடக்கத்தில் சென்னை சேர்ந்தார். அந்த வருஷமே அவை ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளிவந்தன.

அந்தப் படங்களில் ஆள் இல்லை. மதுரையின் புது மண்டபம் வெறிச்சென்று இருக்கிறது. தெப்பக்குளத்தில் குளிக்க ஒருவரும் இறங்கவில்லை. பெரிய கோயில் முற்றத்தில் வெயில் மட்டும் இருக்கிறது. ஓரிரு படங்களில் தூண் ஓரமாக ஒரு மனிதர் நிற்பதுண்டு. தூண் எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காக அவர் நிற்கிறார்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லப்படுகிறது. மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவில் படம் பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். அதற்குள் நடந்து போகிறவன் பதிய மாட்டான். நின்று பேசிவிட்டுப் போகிறவன் ஒரு கறையாக மிஞ்சுவான். இது உண்மை. ஆனால் பாதி உண்மை. இதே மாதிரி காகித நெகட்டிவில், ட்ரைப்புக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தியே, எடின்பரோவில் ஹில் - ஆடம்சன் இருவரும் நியூஹேவன் மீனவர்களையும் மீன்கூடைப் பெண்களையும் எடுத்திருக்கிறார்கள். முகம் முகமாக, தோளோடு தோள் சாய்ந்து நிற்பவர்களாக. அசையாமல் நில் என்று கேட்டுக்கொண்டால் மனிதர்கள் நிற்பார்கள். கேட்பதற்கு அவர்களோடு பேச வேண்டும். அவ்வளவுதான் தேவை. ட்ரைப் மேகத்துக்காகப் பட்ட பாடு இன்னொன்று. காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால், நெகட்டிவின் மேல் தூரிகையால் சாயம் வைத்து மேகங்களை வரைந்தார். மர இலைகளையும் இப்படித் திருத்தியிருக்கிறார். இல்லாத மேகத்தை வரைந்து சேர்க்கப் பொறுமை இருந்தவருக்கு, இருந்த மனிதர்களை நிறுத்திவைக்கப் பொறுமை இருக்கவில்லை. அல்லது, அந்தத் தேவையே எழவில்லை.

2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று நகரங்களிலும் ட்ரைப்பின் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. இப்போது அவரைப் பார்க்கிற கண் அந்தக் காலியைத்தான் வியக்கிறது. வடிவ சுத்தம், கணித ஒழுங்கு, காலத்துக்கு முந்திய நவீனம். இங்கே நம்மவர்கள் சிலரும் இதைக் கேட்டுத் தலையாட்டக் கூடும். நம் கவிதையில் காலி முற்றமும், ஆளில்லாத வராந்தாவும், யாரும் உட்காராத நாற்காலியும் எத்தனை பக்கங்களை நிரப்பிவிட்டன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தத் தலையாட்டலுக்குக் காரணம் புரியும். வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்படம் பற்றிய சிறு வரலாற்றில், அட்ஜே எடுத்த பாரிஸின் காலித் தெருக்கள் குற்றம் நடந்த இடத்தைப் போல இருப்பதாகச் சொல்லப்பட்டதை எடுத்துப் பேசுகிறார். அதை உவமையாக மட்டும் எடுத்துக்கொண்டு ரசிப்பது நம் வழக்கம். ட்ரைப் விஷயத்தில் அது உவமை அல்ல.

தஞ்சாவூரையே எடுத்துக்கொள்வோம். கடைசி மராத்திய அரசர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. ராஜ்யத்தோடு அரசரின் சொந்தச் சொத்தையும், நகைகளையும், அரண்மனையையும் சேர்த்து முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சி பாய் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். சென்னையின் உச்ச நீதிமன்றம் ராணி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1859இல் லண்டனில் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. கைப்பற்றியது அரசின் செயல், அதை நீதிமன்றம் கேட்க முடியாது என்பது அங்கே கிடைத்த நியாயம். ட்ரைப் தஞ்சாவூரில் முக்காலி போட்டு நின்றது இந்த வழக்கின் நடுவே, 1858இன் முதல் மாதங்களில். கம்பெனி அதிகாரியாக, கம்பெனி சம்பளத்தில். அவர் கல்நெஞ்சர் என்று சொல்ல வரவில்லை. ஒரு விதவை தன் வீட்டைக் கேட்டு வழக்காடும் ஊரில், வீடுகளைக் காட்டாமல் கோபுரத்தைக் காட்டுவதற்குக் கேமிராவுக்கு யாரும் உத்தரவிட வேண்டியதில்லை. அது தானாகவே அப்படித்தான் திரும்பி நிற்கும்.

அதே மாதங்களில் வடக்கே இன்னொரு கேமிரா இருந்தது. ஃபெலிச்சே பியாட்டோ 1858 வசந்தத்தில் லக்னோவில் சிகந்தர் பாக் மாளிகையை எடுத்தார். 1857 நவம்பரில் அந்தத் தோட்டத்துக்குள் சுமார் இரண்டாயிரம் இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். படத்தில் சிதைந்த முகப்பு, முன்னால் எலும்புகள், நாலைந்து பேர், ஒரு குதிரை. எலும்புகள் படத்துக்காகப் பரப்பி வைக்கப்பட்டவை என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் முடிவு. இந்தப் படத்தையும் ட்ரைப்பின் தஞ்சாவூரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வருஷம், ஒரே ராணுவம், இரண்டிலும் கட்டிடம். ஒன்றில் மனிதர்கள் எலும்பாக வருகிறார்கள், மற்றதில் வரவே இல்லை. தெற்கு அமைதியாக இருந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த அமைதிதான் ட்ரைப்பின் காலி முற்றம் என்றும் படிக்கலாம்.

*

இத்தனையும் சொன்ன பிறகும் ஒரு படத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. அதைப் படம் என்பதா, சுருள் என்பதா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ட்ரைப் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காக எடுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் கேமிராவைச் சுவருக்கு அதே தூரத்தில், அதே உயரத்தில், நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறார். கோணம் இல்லை, மேகம் இல்லை, அழகான நிழல் இல்லை. கல்லில் உள்ள வரி எப்படிப் போகிறதோ அப்படியே கேமிரா பக்கவாட்டில் நடந்து போயிருக்கிறது. ஒரு கணக்குப் புத்தகத்தை வரி விடாமல் பார்க்கிற குமாஸ்தாவின் வேலை இது. எனக்கு இதன் மேல் பிரியம் இருப்பதற்கு என் தொழிலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த அடித்தளத்தில் எழுதியிருப்பது என்ன? ராஜராஜன் தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டச் சொல்லி இட்ட ஆணையும், அந்தக் கணக்கும். நகை நகையாக, எடை எடையாக, முத்து முத்தாக. அக்கன் என்பது குந்தவை. பட்டப்பெயர்கள் நிறைந்த ஒரு அரசாங்க ஆவணத்துக்கு நடுவில் ‘அக்கன்’ என்று ஒரு வீட்டுச் சொல் உட்கார்ந்திருக்கிறது. மனைவியருக்கு முன்னால் அக்காளை வைத்த வரிசையில் ஒரு குடும்பத்தின் உள் நியாயம் இருக்கிறது. அதே கோயிலின் மற்றக் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கைக்கோளப் படை, வேளைக்காரப் படை என்று. திருச்சுற்றுச் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் உட்பட. ராணுவ வாழ்க்கை, நகரத்தின் அமைப்பு, வீட்டு உறவு மூன்றும் ஒரே கோயில் சுவரில் எழுத்தாக ஏறி இருக்கின்றன. அந்த முற்றத்தைத்தான் காலி என்கிறோம்.

ட்ரைப் இந்தச் சுருளை ஒட்டி முடித்தது 1858. மதராஸ் அரசு ஹுல்ட்ஷைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது 1886இல். தஞ்சைக் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சேறத் தொடங்கியது 1890களில். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த 19 அடி யாரும் அச்சில் படித்துச் சொல்லாத எழுத்தின் படமாகக் கிடந்தது. ட்ரைப்பின் மற்றப் படங்கள் எல்லாம் பார்ப்பவனிடம் ரசனையைக் கேட்கின்றன. இது ஒன்றுதான் வாசகனைக் கேட்கிறது. அவருடைய மிகப் பெரிய படம் இதுதான் என்று நான் சொல்வேன். கண்காட்சிச் சுவருக்கு இது ஒரு வினோதமாகப் பட்டால் ஆச்சரியமில்லை.

*

ட்ரைப்பின் வேலையை நிறுத்தியவர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன். 1859இல் மதராஸ் கவர்னராக வந்தவர். கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காய்ந்திருந்த நேரம். அரசாங்கத்துக்குப் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்று கருதினார். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த அதே ட்ரெவெல்யன். 1860இல் ட்ரைப்பின் புகைப்பட வாழ்க்கை அநேகமாக முடிந்தது. பிறகு நெடுங்காலம் ராணுவத்திலேயே இருந்து ஓய்வு பெற்று, 1902இல் பிறந்த ஊரில் இறந்தார்.

பஞ்சம் நம் பக்கமும் வந்தது, 1876-78இல். இந்த முறை கேமிரா வைத்திருந்தவரும் ராணுவ அதிகாரிதான். வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் குதிரைப் படை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்னதற்கு இன்று நமக்குக் கிடைக்கும் முகம் ஹூப்பர் எடுத்தது. எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுவாக உட்கார வைத்து எடுத்த படங்கள். குழந்தைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். ஒரு குடும்பப் படத்துக்கு எப்படி உட்கார வைப்போமோ அதே மாதிரி. அந்த அமைப்புத்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. தமிழர்கள் கூட்டமாகக் கேமிராவை நேராகப் பார்க்கும் ஆரம்பகாலப் படங்களில் இவை இருக்கின்றன. பார்க்கிற கண்ணில் கோபமில்லை, கேள்வியில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹூப்பரின் கதை அங்கே முடியவில்லை. 1886 ஜனவரியில் மண்டலேயில் ராணுவப் போலீஸின் தலைமை அதிகாரியாக இருந்தபோது, பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நேரத்தைப் படமெடுத்தார். குண்டு பாயும் அந்தக் கணம் தட்டில் விழ வேண்டும் என்று ஏற்பாடு. செய்தி லண்டனுக்குப் போய்ப் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. விசாரணை நடந்தது, கண்டிக்கப்பட்டார். கொன்றதற்கு அல்ல, படம் எடுத்த முறைக்கு. அப்போது ஜெலட்டின் தட்டுகள் வந்துவிட்டதால் நிமிஷக் கணக்கு போய் நொடிக்குள் படம் எடுக்க முடிந்தது. ‘கணம்’ என்பதைப் புகைப்படத்தின் கவித்துவமாக நாம் பேசுகிறோம். நம் பக்கத்து ராணுவக் கேமிராவுக்குக் கணம் கைவந்தபோது அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

*

நான் பெரம்பலூரில் வேலை பார்க்கிறேன், அரியலூரில் குடியிருக்கிறேன். ட்ரைப்பின் தொகுதித் தலைப்புகளில் எங்கள் ஊர்ப் பெயர்கள் இல்லை. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். போகட்டும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் பெரிய திருச்சுற்று மதிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு போய்க் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள், 1836இல். திட்டம் வகுத்தவர் ஆர்தர் காட்டன், மதராஸ் இஞ்சினியர் படையில் காப்டன். அவரை நான் குறை சொன்னால் அணைக்கரைப் பாசனத்தில் நெல் விளைவிக்கிறவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது. தாகேர் பாரிஸில் புகைப்படத்தை உலகுக்கு அறிவித்தது 1839. மூன்றே வருஷ இடைவெளியில் அந்த மதில் போயிற்று. ஒரு காப்டன் கல்லைப் பெயர்த்தார், இருபத்திரண்டு வருஷம் கழித்து இன்னொரு காப்டன் பக்கத்து ஊரில் கல்லைப் படமெடுத்தார். இருவருக்கும் கல்தான் கண்ணில் பட்டது. ட்ரைப் தஞ்சாவூரில் இருந்த அதே சமயத்தில், 1857க்கும் 1860க்கும் இடையே, புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளை அளந்துகொண்டிருந்தார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திய கடற்சிப்பிகளுக்கு இனம் பிரித்துப் பெயர் வைத்தாகிவிட்டது. நாங்கள் அந்தப் பாறை மேல் மாடு மேய்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்து அரியலூரின் அன்றாடம் இல்லாமலே போய்விட்டதா என்றால், இல்லை. அது உ.வே.சாமிநாதையரிடம் இருக்கிறது. 1855இல் பிறந்தவர், சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்திருக்கிறார். அரியலூர்ச் சடகோபையங்கார் சாயங்காலம் உட்கார்ந்து பாட்டுச் சொல்வதும், ஜமீன் நொடிந்து போன விதமும், யார் வீட்டில் எந்தத் திண்ணை என்பதும் ‘என் சரித்திர’த்தில் வருகிறது. 1940இல் எண்பத்தைந்து வயதில் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய நினைவு அது. ட்ரைப்பின் நெகட்டிவ் மெழுகுக் காகிதம் என்றால் இவருடையது எண்பது வருஷ மனசு. எது அதிகம் திருத்தப்பட்டது என்று வாதிடலாம். ஆனால் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

அதன் பின் அரியலூர் என்ற பெயர் இந்தியா முழுவதும் பத்திரிகைப் படமானது 1956 நவம்பர் 23இல். மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். கவிழ்ந்த பெட்டிகள், மழை நீர், கரையில் கூட்டம். எங்கள் ஊர்ச் சனங்கள் கும்பலாகப் பத்திரிகைப் படத்தில் வந்ததும் வேடிக்கை பார்ப்பவர்களாகத்தான்.

*

இதற்கெல்லாம் மாற்று என்று ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் என் மேஜையைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

எங்கள் மாவட்டங்கள் வானம் பார்த்த பூமி. பட்டாளத்துக்குப் போவது இங்கே ஒரு தொழில், பல வீடுகளில் பரம்பரையாக. முன்னாள் ராணுவத்தினரின் பென்ஷன் கணக்குகள் வங்கிக் கிளைகளில் நிறைய உண்டு. பழைய பென்ஷன் காகிதங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கும். கூட்டுப் புகைப்படம் என்று அதற்குப் பெயர். பதினைந்து, பதினேழு வருஷம் சர்வீஸ் முடித்து முப்பத்தைந்து நாற்பது வயதில் திரும்பி வந்தவன், மனைவியை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, ஸ்டுடியோவில் எடுத்தது. அரசாங்கம் கேட்டதால் எடுத்த படம். பல தம்பதிகளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து எடுத்த ஒரே படமும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் படங்களுக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. அவன் விறைப்பாக நிற்பான், மார்பு முன்னால். அவள் அரையடி தள்ளி நிற்பாள். இருவர் தோளும் தொடாது. ஸ்டுடியோக்காரர் ‘கிட்ட வாங்கம்மா’ என்று சொல்லியிருப்பார். ஒரு கால் மட்டும் நகர்ந்திருக்கும். அவன் கேமிராவைப் பார்ப்பான், அணிவகுப்பில் பார்த்துப் பழகிய பார்வை. அவள் கேமிராவுக்குக் கொஞ்சம் கீழே, ஸ்டுடியோக்காரரின் கையைப் பார்ப்பாள். பின்னால் தொங்கும் படுதாவில் தூண், கைப்பிடிச் சுவர், வளைவு மாடிப்படி, தூரத்தில் ஏதோ ஒரு நகரம். பெரம்பலூரில் அப்போது அப்படி ஒரு மாடிப்படி கிடையாது. ட்ரைப்புக்கு நிஜக் கட்டிடம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. எங்கள் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஆள் கிடைத்தார்கள், கட்டிடத்தைத் துணியில் எழுதி வாங்கினார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஊட்டியின் இந்து பிலிமிலோ, கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவிலோ எடுத்த நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கூரான பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் மூடுவார்கள். டச்சிங் என்று சொல்வார்கள். ட்ரைப் மேகம் வரைந்த அதே வேலை. பென்சில் முகத்துக்குப் போனது என்பதுதான் வித்தியாசம்.

பென்ஷன்காரர் இறந்துபோனால் மனைவி வருவாள், குடும்ப பென்ஷனுக்காக. அறுபது, அறுபத்தைந்து வயது. மகனோ பேரனோ கூட வருவான். கோப்பைத் திறந்து, அந்தக் கூட்டுப் படத்தில் உள்ள முப்பது வயதுப் பெண் இவள்தானா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. படத்தைப் பார்க்க வேண்டும், நிமிர்ந்து அவளைப் பார்க்க வேண்டும், மறுபடி படத்தைப் பார்க்க வேண்டும். மூக்குத்தி இருந்த இடம், நெற்றியின் அகலம், காதின் அமைப்பு. ரோலண்ட் பார்த் தன் தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் போடவில்லை. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பெண்ணின் படம்தான் என்பது அவர் சொன்ன காரணம். இங்கே நிலைமை வேறு. யாரோ ஒரு குமாஸ்தா அந்தப் படத்தில் இருப்பது இவள்தான் என்று கண்டுகொண்டால்தான் அடுத்த மாதம் அவளுக்கு அரிசி. இதைவிடக் கவனமாக ஒரு புகைப்படம் எங்கும் பார்க்கப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. சில பெண்கள் கவுண்டருக்கு மேல் எட்டி அந்தப் படத்தைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்ப்பது தங்களை அல்ல, பக்கத்தில் நிற்பவனை. வீட்டில் உள்ள மாலை போட்ட படத்தில் அவன் தனியாக இருப்பான்.

சுவரில் மாட்டும் படங்கள் வேறு வகை. சீருடையில் மார்பளவு, தாஜ்மகால் முன்னால் மூன்று நண்பர்கள், பனியில் துப்பாக்கியோடு, வெலிங்டன் பயிற்சி முடித்த அணிவகுப்பின் நீளமான குழுப் படம், கண்ணாடி போட்டது. 1965, 1971 பற்றிப் பேசுவார்கள். 1987க்கும் 1990க்கும் இடையில் அமைதிப்படையில் இலங்கை போய் வந்தவர்கள் உண்டு. நான் பார்த்த வீட்டுச் சுவர் எதிலும் யாழ்ப்பாணம் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஒரு தமிழ்ச் சிப்பாய் ஒரு தமிழ்த் தெருவில் துப்பாக்கியோடு நிற்கும் படத்தை எங்கே மாட்டுவது? தன் வரலாற்றில் எதை வெளியே விடுவது என்பதை ட்ரைப்பின் அரசு மட்டும் தீர்மானிக்கவில்லை. வீடும் தீர்மானிக்கிறது. 2019 பிப்ரவரி 14இல் புல்வாமாவில் இறந்த நாற்பது சி.ஆர்.பி.எஃப். காவலர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டத்துக்காரர். அவருடைய சீருடைப் படம் ஃப்ளெக்ஸில் எங்கள் தெருக்களில் நின்றது. வெயிலில் வெளுத்தது. பிறகு யாரோ கழற்றி எருக்குழிக்குக் கூரையாகப் போட்டார்கள்.

கூட்டுப் படங்களின் காலமும் முடிகிறது. 2014 நவம்பரிலிருந்து உயிர்ச் சான்று கணினிக்கு வந்துவிட்டது, முதலில் விரல் ரேகையில். 2021இலிருந்து செல்போன் கேமிராவுக்கு முன்னால் முகத்தைக் காட்டினாலே போதும். கண் இமைத்தால் உயிரோடு இருக்கிறார் என்று அது ஒப்புக்கொள்ளும். ராணுவ பென்ஷன்கள் ‘ஸ்பர்ஷ்’ என்ற ஒரே கணினி முறைக்கு மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. ஸ்பர்ஷ் என்றால் தொடுதல். கிழவிகளுக்கு அலைச்சல் மிச்சம், அதை நான் மனமார வரவேற்கிறேன். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கக் கேமிரா கடைசியில் எங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இமைப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விடுகிறது. பார்த்ததை யார் சுவரிலும் மாட்ட முடியாது.

பழைய கோப்புகள் காலக்கெடு முடிந்ததும் விதிப்படி அழிக்கப்பட வேண்டியவை. ஸ்டுடியோக்களின் நிலைமை இன்னும் மோசம். டிஜிட்டல் வந்த பிறகு டவுன்களில் பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் பெட்டிகளை எடைக்குப் போட்டார்கள். வாங்கியவர்கள் கரைத்து வெள்ளி எடுத்தார்கள். நாற்பது வருஷத்து முகங்களில் கிடைத்த வெள்ளி கிராம் கணக்கில்தான் இருந்திருக்கும். ட்ரைப்பின் மெழுகுக் காகித நெகட்டிவ்கள் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன, மேகங்களோடு.

அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் மட்டும் இன்னும் மூன்று மரப்பெட்டிகள் மிச்சம் இருக்கின்றன. ஒவ்வொரு நெகட்டிவும் பழுப்பு உறையில், உறை மேல் தேதியும், எத்தனை பிரதி என்பதும், பாக்கி எவ்வளவு என்பதும் பென்சிலில். பெயர் சில உறைகளில்தான் உண்டு. மற்றவற்றில் ‘மிலிட்டரிக்காரர், மனைவி, 3 காப்பி’ என்று எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வரிசை எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 412. முதல் பெட்டி இன்னும் முடியவில்லை.